பில் சொல்லாததை விதி சொல்ல வேண்டும்
வீட்டுச் சாதனங்களுக்கான மின், நீர்த் திறன் விதிகள்: தூத்துக்குடியிலிருந்து ஒரு பார்வை

தூத்துக்குடிச் சங்குக் குளியில் ஒரு பழைய விதி உண்டு. குறுக்களவு 57 மில்லிமீட்டருக்குக் குறைந்த சங்கை எடுக்கக் கூடாது. கையில் வந்துவிட்டாலும் கடலிலேயே விட்டுவிட வேண்டும். முத்துக்குளிப்புக்கும் கட்டுப்பாடு இருந்தது. அதிகாரிகள் முதலில் பார்கள் எனப்படும் சிப்பிப் படுகைகளைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து பார்ப்பார்கள். சிப்பி முற்றியிருக்கிறது, போதுமான அளவில் கிடக்கிறது என்று உறுதியான பிறகே சலாபம், அதாவது முத்துக்குளிப்புப் பருவம், அறிவிக்கப்படும். குளிக்கிறவருக்குச் சின்னச் சங்கும் காசுதான். இனம் பெருக்குவதற்கு முன்பே அது எடுக்கப்படுவதால் வரும் நஷ்டம் அவர் கணக்கில் ஏறாது. அந்தக் கணக்கை அவரிடம் யாரும் நீட்டுவதில்லை என்பதால்தான் அரசு ஒரு கீழெல்லை வகுத்தது.

மின்விசிறி, குளிர்பதனப்பெட்டி, ஏ.சி., கழிப்பறைத் தொட்டி, குழாய் போன்ற வீட்டுச் சாதனங்களுக்கு அரசுகள் விதிக்கும் திறன் விதிகளும் இதே வகையைச் சேர்ந்தவை. "இதற்குக் கீழ்த்தரமான பொருளை விற்காதே" என்பது ஒரு விதி. "விற்கும் பொருள் எவ்வளவு இழுக்கும் என்பதை முகப்பில் ஒட்டு" என்பது இன்னொன்று. இவை இரண்டும் உலகம் முழுக்க அரை நூற்றாண்டாக நடைமுறையில் உள்ளன. இந்தியாவில் இருபது ஆண்டுகளாக. இவை என்ன சாதித்தன, எங்கே தவறுகின்றன என்று பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. மாதக் கடைசியில் பில் வந்து உறைக்கிற இடத்தில் விதி இல்லாவிட்டாலும் மக்கள் கொஞ்சமாவது கணக்குப் பார்ப்பார்கள். பில்லே வராத இடத்தில்தான் விதி மிகவும் தேவை. நம் விதிகளோ அந்த இடங்களில்தான் மிகவும் நோஞ்சானாக இருக்கின்றன.

கரியும் தண்ணீரும் கண்ணில் படும் ஊர்

சுவிட்சைப் போட்டால் வரும் மின்சாரம் எதிலிருந்து பிறக்கிறது என்பதைப் பெரும்பாலான ஊர்க்காரர்கள் யோசிப்பதில்லை. தூத்துக்குடிக்காரர் கண்ணால் பார்க்கலாம். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரி, கன்வேயர் பெல்ட் ஏறி அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. 1979இல் முதல் அலகு ஓடத் தொடங்கிய அந்த நிலையத்தில் இப்போது 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. மொத்தம் 1,050 மெகாவாட். பக்கத்திலேயே 2015இல் வந்த என்.டி.பி.எல். நிலையத்தில் தலா 500 மெகாவாட்டில் இரண்டு அலகுகள். தனியார் நிலையங்கள் தனி. தெற்கே உடன்குடியில் தலா 660 மெகாவாட்டில் இரண்டு அலகுகளுக்கான திட்டம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரி எரிகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு வீட்டின் இரண்டு மாத ரீடிங்கைக் கரி மூட்டைகளாகவே எண்ணிவிடலாம்.

அனல்மின் நிலையத்தைக் குளிர்விப்பது கடல்நீர். சூடேறிய நீர் மறுபடி கடலுக்கே போகிறது. அந்தக் கடலின் மடியில்தான் 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் 21 தீவுகளின் வரிசை தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவில் ஆரம்பிக்கிறது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961இல். சலாபம் நின்றதற்கு மின்நிலையத்தைக் குற்றம் சொல்ல முடியாது. அது வருவதற்கு முன்பே நின்றுவிட்டது. ஆனால் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இந்த வளைகுடாவின் பவளப்பாறைகள் வெளுத்ததற்குக் கடல்நீர் சூடேறியதே காரணம். உலகமெங்கும் எரியும் கரிக்கும் அந்தச் சூட்டுக்கும் உள்ள தொடர்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தண்ணீரின் கதை இன்னும் பழையது. ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டர். மாநிலச் சராசரியைவிட வெகு குறைவு. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து 1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்தார்; அதற்காகவே மக்கள் இன்றும் அவரை நகரின் தந்தை என்கிறார்கள். அந்த ஆற்றின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தில் நஞ்சை விவசாயிகள், நகரங்கள், தொழிற்சாலைகள் என்று எல்லோருக்கும் பங்கு பிரிக்க வேண்டியிருக்கிறது. தொழிற்சாலைகளுக்கான 20 எம்.ஜி.டி. (நாளுக்கு 2 கோடி கேலன்) திட்டம் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்காகப் போனது. நீரேற்றும் ஒவ்வொரு நிலையத்திலும் மோட்டார் ஓடுகிறது. கடல்நீரைக் குடிநீராக்குவதென்றால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் வேண்டும். சென்னையில் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகள் அப்படித்தான் ஓடுகின்றன. தூத்துக்குடிக்கும் அப்படி ஓர் ஆலை வேண்டும் என்ற பேச்சு நெடுநாளாக இருக்கிறது. ஆகவே இந்தக் கரையில் தண்ணீரை வீணாக்குகிறவர் கரியையும் சேர்த்தே எரிக்கிறார்.

நட்சத்திரம் வந்த வழி

சாதனங்களின் திறனை அரசு கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் 1973இன் எண்ணெய் நெருக்கடியில் பிறந்தது. கலிபோர்னியா மாநிலம் 1970களிலேயே குளிர்பதனப்பெட்டிக்கு வரம்பு விதித்தது. அமெரிக்க நாடு முழுமைக்குமான சட்டம் 1987இல் வந்தது. விளைவு கண்கூடானது. 1970களின் நடுவில் சராசரி அமெரிக்கக் குளிர்பதனப்பெட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 யூனிட் இழுத்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், அதைவிடப் பெரிய பெட்டி 500 யூனிட்டுக்குள் அடங்கிவிட்டது, விலையும் குறைந்திருந்தது. ஜப்பான் 1998இல் சட்டத்தைத் திருத்தி வேறொரு வழியில் போனது. சந்தையில் இப்போது இருப்பதில் எது மிகச் சிறந்ததோ, அதையே சில ஆண்டுகளில் எல்லோரும் எட்ட வேண்டிய இலக்காக வைத்தது.

இந்தியாவில் ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001இல் நிறைவேறியது. பி.இ.இ. எனப்படும் எரிசக்தித் திறன் செயலகம் 2002 மார்ச்சில் அமைந்தது. 2006 மே மாதம் நட்சத்திர முத்திரைத் திட்டம் தொடங்கியபோது பட்டியலில் இருந்தவை ஃப்ராஸ்ட் ஃப்ரீ குளிர்பதனப்பெட்டியும் குழல்விளக்கும்தான். அதுவும் விருப்பம் உள்ளவர் ஒட்டலாம் என்ற அளவில். 2010 ஜனவரியில் அவை இரண்டோடு அறை ஏ.சி.யும் மின்பகிர்மான டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து நான்குக்கும் கட்டாயமாயிற்று. எல்.இ.டி. விளக்கு 2018இல் கட்டாயப் பட்டியலில் ஏறியது. எல்லா வீட்டிலும் ஓடுகிற சீலிங் ஃபேன் அந்தப் பட்டியலுக்கு வர 2023 ஜனவரி ஆகிவிட்டது.

இந்தத் திட்டத்தின் நல்ல அம்சம், நட்சத்திரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பது. ஸ்ப்ளிட் ஏ.சி.யை எடுத்துக்கொள்ளலாம். 2018இல் ஐந்து நட்சத்திரம் பெறத் திறன் மதிப்பெண் 4.5 போதுமாக இருந்தது. 2022 ஜூலை முதல் அது 5 ஆக உயர்ந்தது. முன்பு ஐந்து வாங்கிய பல மாடல்கள் நான்குக்கு இறங்கின. கடைக்காரர் "ஃபைவ் ஸ்டார்" என்று சொல்வதை மட்டும் கேட்டுவிட்டு வருபவர் முத்திரையில் உள்ள ஆண்டையும் பார்க்க வேண்டும். பழைய சரக்கின் ஐந்து, புதிய சரக்கின் நான்கு.

விதி மட்டும் போதாது, அரசு மொத்தமாக வாங்கினால் விலையையே உடைக்கலாம் என்பதற்கு எல்.இ.டி. பல்பு சாட்சி. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்துக்காக மத்திய அரசுத் துறை நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல். கோடிக்கணக்கில் கொள்முதல் செய்தது. 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு வந்தது. நாடு முழுக்க 36 கோடிக்கு மேற்பட்ட பல்புகள் போய்ச் சேர்ந்தன. 60 வாட் குண்டுபல்பு எரிந்த இடத்தில் 9 வாட் எரிகிறது. அதைப் பற்றி இன்று யாரும் பேசுவதுகூட இல்லை. திட்டம் வெற்றிபெற்றதற்கு இதைவிட அடையாளம் வேண்டாம்.

மூன்று மின்விசிறிக் கணக்கு

விதியின் பயன் ஒரு வீட்டில் எவ்வளவு என்று பார்க்க மின்விசிறியே தோதானது. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் உள்ளது 30 வாட்டில் அதே காற்றைத் தரும். வித்தியாசம் 45 வாட். தூத்துக்குடிப் புழுக்கத்தில் ஒரு ஃபேன் நாளுக்கு 12 மணி நேரம் ஓடுவது மிகையல்ல. 60 நாளில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். மூன்று ஃபேனுக்கு 97 யூனிட். கரிக் கணக்கில் 70 கிலோவுக்கு மேல்.

பணக் கணக்கை 2022 செப்டம்பரில் அமலான கட்டணத்தை வைத்துப் போடலாம். அதன்பின் கட்டணம் ஏறியிருக்கிறது. கணக்கு ஓடும் விதம் மாறவில்லை. இரண்டு மாதத்தில் 540 யூனிட் செலவழித்த வீட்டுக்கு முதல் 100 இலவசம் போக 2,270 ரூபாய். மூன்று ஃபேனை மாற்றி 443க்கு இறங்கினால் 1,383 ரூபாய். 97 யூனிட்டுக்கு 887 ரூபாய் மிச்சம், அதாவது யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய்க்கு மேல். 500ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுகளுக்கு விலை கூடுவது மட்டுமல்லாமல், 101 முதல் 200 வரை கிடைத்த சலுகை விலையும் போய்விடுகிறது என்பதால்தான் இவ்வளவு. சாதா ஃபேனைவிட ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு அதிகம் கொடுத்து வாங்கினாலும் ஓர் ஆண்டுக்குள் காசு திரும்பிவிடும்.

இவ்வளவு லாபம் இருந்தும் கடைகளில் மலிவு ஃபேன்தான் அதிகம் நகர்கிறது. மக்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. உண்மையில் பல வீடுகளுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது.

பில் பேசாத வீடுகள்

2016 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஏழை வீட்டுக்கு இது பெரிய ஆறுதல். அதைக் குறை சொல்ல இந்தக் கட்டுரை வரவில்லை. ஆனால் ஒரு விளைவைக் கவனிக்க வேண்டும். 100 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டில் ஃபேன் 75 வாட் இழுத்தாலும் 30 வாட் இழுத்தாலும் பில் சுழியம்தான். அந்த வீட்டுக்கு விலை உயர்ந்த ஃபேனை வாங்கக் காரணமே இல்லை. மிச்சமாகும் காசு அரசுக்குப் போகிறது. ஏனென்றால் அந்த யூனிட்டுக்கு மானியம் கொடுப்பது அரசு. பயன் அரசுக்கு, செலவு குடும்பத்துக்கு என்றால் யார் வாங்குவார்கள்?

அடுத்தது வாடகை வீடு. துறைமுகம், உப்பளம், தொழிற்சாலை என்று வேலைக்கு வந்து தங்குகிறவர்கள் நிறைந்த ஊர் இது. ஃபேனையும் கழிப்பறைத் தொட்டியையும் மோட்டாரையும் வாங்கி மாட்டுபவர் வீட்டுக்காரர். கரண்ட் பில் கட்டுபவர் குடியிருப்பவர். வீட்டுக்காரர் மலிவாக இருப்பதைத்தான் பார்ப்பார். அதில் அவர்மேல் தவறு காண முடியாது. உலகெங்கும் திறன் விதிகளுக்கு முதன்மையான நியாயமாகச் சொல்லப்படுவது இந்தப் பிளவுதான். முத்திரை ஒட்டினால் மட்டும் இது தீராது; மட்டமான சாதனம் கடைக்கே வராதபடி கீழெல்லையை உயர்த்தினால்தான் வாடகை வீட்டுக்குள் மாற்றம் நுழையும்.

மூன்றாவது, அரசே வாங்கிக் கொடுக்கும் சாதனங்கள். இதில் தமிழ்நாட்டுக்கு இணை இந்தியாவில் வேறு மாநிலம் இல்லை. நட்சத்திரத் திட்டம் தொடங்கிய அதே 2006ஆம் ஆண்டு, செப்டம்பர் 15 அன்று இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று மிக்ஸி, கிரைண்டர், மேஜை விசிறி வழங்கும் திட்டம் தொடங்கியது. இரண்டும் கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சென்றடைந்தன. பெண்களின் அடுப்படி உழைப்பைக் குறைத்ததில் இவற்றின் பங்கு பெரிது. ஆனால் டி.வி. கொடுக்கத் தொடங்கியபோது டி.வி.க்கு நட்சத்திரம் இல்லை; மேஜை விசிறி கொடுக்கப்பட்டபோது அதற்கும் இல்லை. கிரைண்டருக்கு இன்றுவரை இல்லை. ஒரே டெண்டரில் இத்தனை லட்சம் சாதனம் வாங்கும் அரசு, எல்.இ.டி. பல்பில் நடந்ததைப் போல முழு இந்தியச் சந்தையையும் அசைத்திருக்க முடியும். 100 யூனிட் இலவசம் கொடுக்கும் அரசுக்கு அது தன் மானியச் செலவைத் தானே குறைத்துக்கொள்ளும் வழியாகவும் இருந்திருக்கும். அந்த வாய்ப்பு இரண்டு முறை கைநழுவிப் போனது.

ஆய்வகத்து நட்சத்திரமும் உப்புக் காற்றும்

நட்சத்திரம் பொய்யா என்று பலர் கேட்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் அது ஆய்வகத்தில் எடுத்த மதிப்பெண். ஏ.சி.யைச் சோதிக்கும்போது வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி வெப்பம் வைக்கப்படும். பிறகு இந்திய நகரங்களின் தட்பவெப்பத்தைச் சேர்த்து, 24 முதல் 43 டிகிரி வரை ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்து ஒரே எண் கணக்கிடப்படும். டெல்லியின் வறண்ட மே மாதமும் தூத்துக்குடியின் ஈரக் காற்றும் அந்த ஒரே எண்ணுக்குள் அடக்கம். கடலோரத்தில் ஏ.சி.யின் வேலை குளிர்விப்பது மட்டுமில்லை, காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுப்பதும்தான். அதற்கும் மின்சாரம் வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் உப்பு. கடற்கரைக்குப் பக்கத்து வீடுகளில் வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் சில ஆண்டுகளிலேயே அரித்து உதிர ஆரம்பிக்கும். தகடு அரித்தால் வெப்பம் வெளியேறாது. கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கும். வாங்கிய நாளில் ஐந்தாக இருந்தது நான்காம் ஆண்டில் எத்தனை நட்சத்திரம் என்று முத்திரை சொல்லாது. தகட்டின்மேல் பூசப்படும் காப்புப் பூச்சு எவ்வளவு நாள் தாங்கும் என்பதும் அதில் இல்லை. வெந்நீர்க் கெய்சரின் கதையும் இதுதான். அதன் நட்சத்திரம் தொட்டியிலிருந்து வெப்பம் எவ்வளவு கசிகிறது என்பதை அளக்கிறது. உப்புத் தண்ணீரில் ஹீட்டர் கம்பியின்மேல் படியும் சுண்ணாம்பை அது அளப்பதில்லை. இந்தக் கரையில் கெய்சர் கெடுவது பெரும்பாலும் அந்தப் படிவால்தான்.

ஆகவே முத்திரையைப் புறக்கணிக்க வேண்டியதில்லை. அதோடு இரண்டு தகவல்களைச் சேர்க்க வேண்டும். உப்புக் காற்றில் எத்தனை மணி நேரம் சோதிக்கப்பட்டது என்ற விவரம் கடலோர மாவட்டங்களில் விற்கும் வெளி யூனிட்டில் இருக்க வேண்டும். எந்த அளவு உப்புள்ள தண்ணீருக்குத் தகுந்தது என்ற விவரம் கெய்சரிலும் துணி துவைக்கும் இயந்திரத்திலும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. இது சில மீனவ கிராமங்களின் தனிப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது.

சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உற்பத்தியாளர் தாமே சோதித்து முத்திரை ஒட்டுகிறார், பி.இ.இ. சந்தையிலிருந்து மாதிரி வாங்கிச் சரிபார்க்கிறது. மாநில அளவில் இந்தப் பொறுப்புள்ள அமைப்பு மின் ஆய்வுத் துறை. சலாபத்துக்கு முன் சிப்பியைத் திறந்து பார்ப்பவர் இல்லாவிட்டால் அறிவிப்புக்கு மதிப்பில்லை, இங்கும் அப்படித்தான். ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் அபராதத்தைக் கூட்டியிருக்கிறது. ஆனால் எந்த மாடல் சோதனையில் தோற்றது என்பது தமிழ் நாளிதழில் செய்தியாக வரும் அளவுக்கு வெளிப்படையாக இல்லாதவரை, அபராதத்தால் வாங்குபவருக்கு நன்மை குறைவு.

தண்ணீருக்கு நட்சத்திரம் எங்கே?

மின்சாரத்தில் குறைகள் இருந்தாலும் ஒரு கட்டமைப்பு இருக்கிறது. சட்டம், செயலகம், கட்டாயப் பட்டியல், அபராதம் எல்லாம் உண்டு. தண்ணீரில் இவை எதுவும் முழுதாக இல்லை.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2021இல் ஐ.எஸ். 17650 என்ற தரத்தை வெளியிட்டது. கழிப்பறைக் கோப்பை, சிஸ்டர்ன், குழாய், ஷவர் ஆகியவற்றுக்கு ஒன்று முதல் மூன்று நட்சத்திரம் வரை அது தருகிறது. ஆனால் விருப்பமுள்ள நிறுவனம்தான் அதற்கு விண்ணப்பிக்கும். 2022 அக்டோபரில் ஜல் சக்தி அமைச்சகம் நீர்ப் பயன்பாட்டுத் திறனுக்கென ஒரு செயலகத்தை அமைத்தது. பி.இ.இ.க்குப் பின்னால் நாடாளுமன்றச் சட்டம் இருக்கிறது. இதற்குப் பின்னால் இருப்பது ஓர் அரசாணை மட்டும். தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளது என்பதால் மத்திய அரசு தயங்குகிறது, மாநிலமோ மத்திய அரசைப் பார்க்கிறது.

விதி இங்கே ஏன் கூடுதலாகத் தேவை என்பதற்குக் காரணம் எளியது. தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் குடிநீர்க் கட்டணம் மாதத்துக்கு இவ்வளவு என்ற ஒரே தொகை; மீட்டர் இல்லை. பத்துக் குடம் பிடித்தாலும் நூறு குடம் பிடித்தாலும் ஒன்றே. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நான்கு தடவை கழிப்பறை நீர் விட்டால் நாளுக்கு 20 தடவை. பத்து லிட்டர் பழைய தொட்டியில் அது 200 லிட்டர். ஆறும் மூன்றுமாக இரண்டு பொத்தான் உள்ள தொட்டியில் சராசரி நான்கு லிட்டர் என்றால் 80 லிட்டர். மிச்சம் 120 லிட்டர், அதாவது பத்துக் குடம் தண்ணீர். லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கும் வாரத்தில் அந்த வீட்டுக்கு இது உறைக்கும். குழாயில் தண்ணீர் வரும் வாரத்தில் யார் கணக்கிலும் அது வராது. தாமிரபரணி கணக்கில் மட்டும் வரும்.

ஆர்.ஓ. கருவி இன்னும் சிக்கலானது. வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் குடிநீர் கொடுக்க மூன்று லிட்டர் வரை கழிவாக வெளியே தள்ளும். 2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஒரு வரம்பு சொன்னது: தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடத்தில் ஆர்.ஓ. வேண்டாம், அனுமதிக்கும் இடத்தில் உள்ளே போகும் நீரில் குறைந்தது 60 விழுக்காடாவது குடிநீராகக் கிடைக்க வேண்டும். 2023 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதிகளை வெளியிட்டது. தூத்துக்குடியில் இந்த வரம்பு வீட்டுக்குள்ளேயே குறுக்கே ஓடுகிறது. போர்வெல் தண்ணீருக்குப் பல தெருக்களில் ஆர்.ஓ. இல்லாமல் முடியாது. வல்லநாட்டுத் தண்ணீருக்கு அது அவசியமே இல்லை. ஆனால் இரண்டும் ஒரே சம்ப்பில் கலக்கும் வீட்டில் எந்தத் தண்ணீருக்கு எந்த விதி? கடைக்காரர் தண்ணீரைச் சோதிக்காமலே கருவியை மாட்டிவிட்டுப் போகிறார். கருவி விற்பவர் முதலில் தண்ணீரைச் சோதித்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற ஒரு விதி வந்தாலே பாதிக் கருவிகள் தேவையற்றவை என்று தெரிந்துவிடலாம்.

தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக உள்ள சிங்கப்பூர் இதில் நமக்குப் பாடம். குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதிக்கு அண்டை நாட்டை நம்பியிருந்த அந்த ஊர், 2009 ஜூலையில் குழாய்க்கும் கழிப்பறைத் தொட்டிக்கும் நீர்த்திறன் முத்திரையைக் கட்டாயமாக்கியது. 2011இல் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் நீட்டித்தது. ஆஸ்திரேலியா 2006இலேயே நாடு முழுக்கக் கட்டாயமாக்கியது. சட்டம் போட்டுத் தண்ணீரைக் காப்பது நமக்கும் புதிதல்ல. 2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாடே திரும்பிப் பார்த்தது. கூரையில் விழும் மழைக்குச் சட்டம் போட முடிந்த மாநிலத்துக்கு, தொட்டியிலிருந்து கொட்டும் நீருக்குச் சட்டம் போடுவது பெரிய வேலையில்லை.

மறுப்பவர்கள் சொல்வது

இந்த விதிகளுக்கு எதிரான வாதங்களில் மூன்று பொருட்படுத்தத் தக்கவை.

முதலாவது விலை. தரத்தை உயர்த்தினால் மலிவுப் பொருள் சந்தையிலிருந்து போகும், ஏழைதான் பாதிக்கப்படுவார் என்கிறார்கள். தொடக்கத்தில் இது உண்மை. ஆனால் குளிர்பதனப்பெட்டியிலும் எல்.இ.டி.யிலும் நடந்தது, உற்பத்தி பெருகியதும் விலை இறங்கியது என்பதே. இடைப்பட்ட ஓரிரு ஆண்டுகளைத் தாண்ட அரசின் மொத்தக் கொள்முதல் கைகொடுக்கும். இதற்காகவே 2023இல் ஈ.ஈ.எஸ்.எல். ஒரு கோடி ஃபேன்களுக்கான திட்டத்தை அறிவித்தது.

இரண்டாவது, தரம் உயர்ந்தால் வேலை கெடும் என்ற புகார். இதில் உண்மை இருந்த காலம் உண்டு. அமெரிக்காவில் 1992 சட்டப்படி 1994 முதல் கழிப்பறைத் தொட்டிக்கு ஆறு லிட்டர்தான் என்று ஆனபோது வந்த முதல் மாடல்கள் சரியாக அடித்துச் செல்லவில்லை. மக்கள் இரண்டு தடவை நீர் விட்டார்கள். பிறகு கோப்பையின் வடிவமே மாறி, ஆறு லிட்டரில் ஒழுங்காக வேலை நடந்தது. ஷவருக்கு நிமிடத்துக்கு ஒன்பதரை லிட்டர் என்ற வரம்போ அங்கே இன்னும் அரசியல் சண்டையாக ஓடுகிறது. 2020இல் டிரம்ப் அரசு தளர்த்தியது, 2021இல் பைடன் அரசு மீட்டது, 2025இல் மறுபடி டிரம்ப் ஆணை வந்தது. இதில் படிக்க வேண்டியது, எவ்வளவு செலவாகிறது என்பதோடு வேலை எப்படி நடக்கிறது என்பதையும் விதி அளக்க வேண்டும் என்பது. இந்திய ஃபேன் விதி இதைச் சரியாகவே செய்கிறது. 1,200 மில்லிமீட்டர் ஃபேன் நிமிடத்துக்கு 210 கனமீட்டர் காற்றாவது தர வேண்டும். அதைத் தந்த பிறகே வாட் கணக்கு. நீர்ச் சாதன விதியும் அதே போல எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது வாதம் நிலக்கரியிலேயே பிறந்தது. ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் 1865இல், நீராவி இயந்திரத்தின் திறன் கூடக் கூட இங்கிலாந்தின் கரிச் செலவு குறையாமல் கூடியதைச் சுட்டிக்காட்டினார். மலிவானால் அதிகம் பயன்படுத்துவோம் என்பது சரிதான். பில் குறைந்ததும் இன்னோர் அறைக்கு ஏ.சி. மாட்டும் வீடுகள் உண்டு. ஆனால் ஃபேனுக்கும் கழிப்பறைக்கும் இது பொருந்தாது. செலவு குறைந்தது என்று யாரும் இரண்டு ஃபேனின் கீழே படுப்பதில்லை. ஏ.சி.யில் இந்தப் போக்கைத் தடுக்கச் சிறு வழிகள் உள்ளன. 2020 ஜனவரி முதல் நட்சத்திரம் பெற்ற ஏ.சி.கள் எல்லாம் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று ஆயிற்று. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் ஆறு விழுக்காடு மிச்சம் என்பது பி.இ.இ.யின் கணக்கு. விருப்பப்பட்டவர் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் தொடக்கம் 24தான்.

தீர்ப்பு

நட்சத்திர விதிகள் பயன் தந்திருக்கின்றன. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பில் வாங்கும் நடுத்தர வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அவை. பில் எட்டாத இடங்களுக்கு இனி அவை போக வேண்டும்.

தமிழ்நாடு அரசு, தான் கொடுக்கும், வாங்கும், மானியம் அளிக்கும் எந்த வீட்டுச் சாதனத்திலும் அப்போதைய மிக உயர்ந்த நட்சத்திரத்துக்குக் குறையாத தரத்தை டெண்டரிலேயே எழுத வேண்டும். 100 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடுகளுக்கு பி.எல்.டி.சி. ஃபேனைத் தவணையிலோ இலவசமாகவோ தருவது கருணை மட்டுமில்லை, மின்வாரியத்தின் கடனைக் குறைக்கும் முதலீடும்கூட. ஐ.எஸ். 17650ஐ, புதிய கட்டடங்களின் திட்ட அனுமதியில் மழைநீர் சேகரிப்பைப் போலவே, கட்டாயமாக்க மாநிலத்துக்கு டெல்லியின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அதைத் தாமிரபரணித் தண்ணீர் குடிக்கும் மாநகராட்சிகளில் தொடங்கலாம். பி.இ.இ., கடலோரத்துக்கான உப்புக் காற்றுச் சோதனையை முத்திரையில் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும் அந்த முத்திரையைத் தமிழிலும் அச்சிட வேண்டும். சோதனையில் தோற்ற மாடல்களின் பெயரை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

வாங்குபவருக்கும் ஒரு வார்த்தை. கடையில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். முத்திரையின் ஆண்டையும் ஆண்டுச் செலவு யூனிட்டையும் பாருங்கள். பி.இ.இ.யின் செல்பேசிச் செயலியில் அந்த மாடலைத் தேடிச் சரிபாருங்கள். வீடு கட்டும்போது கொத்தனாரிடமும் பிளம்பரிடமும் இரண்டு பொத்தான் தொட்டிதான் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு அதை மாற்ற எவரும் முன்வருவதில்லை.